வாத்தின் உள்ளங்கால்: அகிம்சையில் ஒரு பாடம்



நம் இல்லங்களில் அகிம்சை என்றவுடன் முதலில் நினைவுக்கு வருபவை சமையலறைச் செய்திகளே. நீரை வடிகட்டிப் பருகுகிறோம். கிழங்கு வகைகளை விலக்குகிறோம். கதிரவன் மறையுமுன் உண்டு முடிக்கிறோம். இவை யாவும் உயிர்க்குத் தீங்கு செய்யாதிருத்தல் பற்றியவை. ஆனால் ஓர் உயிரை நம் பொறுப்பில் ஏற்றுக்கொண்ட பின்னர் அதற்குச் செய்ய வேண்டியவை எவை என்பதை நாம் அவ்வளவாகப் பேசுவதில்லை. இக்கட்டுரை அதைப் பற்றியது. எடுத்துக்கொண்ட பொருள் மிகச் சிறியது: வளர்ப்பு வாத்தின் உள்ளங்காலில் தோன்றும் புண்.

பொருள் சிறியதாயினும் அதனால் ஓர் உயிர் போனதை நான் கண்டிருக்கிறேன். அது என் வீட்டு முற்றத்தில், என் பொறுப்பில் இருந்த உயிர். ஆதலால் இதை எழுதும் தகுதி எனக்கு என் தவற்றினாலேயே வந்தது.

மலையடிவாரத்தில் நிகழ்ந்தது

தேனி மாவட்டத்து உத்தமபாளையத்தில், பாறையில் வடிக்கப்பெற்ற தீர்த்தங்கரர் திருவுருவங்களை நம்மவர் பலர் தரிசித்திருப்பர். அதே மாவட்டத்தில், மேற்குத் தொடர்ச்சி மலையின் கிழக்கு அடிவாரத்தில் அமைந்த ஊர் போடிநாயக்கனூர். ஊரை ஒட்டிக் கொட்டகுடி ஆறு இறங்குகிறது. மேலே போடிமெட்டைத் தாண்டினால் ஏலமலை. ஏலக்காய் வாணிகத்தால் பெயர் பெற்ற இவ்வூரிலிருந்து நாள்தோறும் விடியலில் ஜீப்புகளில் தோட்ட வேலைக்குச் சென்று மாலையில் திரும்புவோர் பலர். சரிவிலுள்ள சிறு வீடுகளில் ஆடும் கோழியும் வாத்தும் பிள்ளைகளோடு பிள்ளைகளாக வளர்கின்றன.

நான் ஆசிரியப் பணி புரிந்து ஓய்வு பெற்றதும் இவ்வூரிலேயே. என்னிடம் படித்த ஒருவரின் குடும்பம், வேலையின் பொருட்டு மலைக்கு அப்பால் குடிபெயர்ந்தது. அவர்களுடைய சிறுவன் தான் வளர்த்த இரண்டு வாத்துகளையும் ஒரு கூடையில் வைத்து என்னிடம் கொண்டு வந்தான். ஒன்று ஆண், மற்றொன்று பெட்டை. “டீச்சர், நீங்கதான் இதுகளைக் கொல்ல விடமாட்டீங்க” என்றான். நம் சமயத்தைப் பற்றி அவன் அறிந்திருந்தது அவ்வளவே. அந்த நம்பிக்கையை மறுக்க எனக்கு மனம் வரவில்லை.

என் வீட்டு முற்றம் சிமெண்ட் தரை. கூட்டவும் கழுவவும் எளிது. ஓடைக்கரையின் ஈரமண்ணிலும் புல்லிலும் நடந்து பழகிய அவ்வாத்துகளை அத்தரையில் விட்டேன். தூய்மையாக வைத்திருக்கிறேன் என்ற பெருமையும் எனக்கு இருந்தது.

ஐப்பசி அடைமழையில் ஆண் வாத்து ஒரு காலை ஊன்றாமல் நடக்கக் கண்டேன். தூக்கிப் பார்த்தால் உள்ளங்காலில் மிளகளவு கருப்புப் பொருக்கு ஒன்று இருந்தது. முள் குத்திய காயம் என்று நானே முடிவு செய்தேன். மனிதருக்குப் போடும் மஞ்சள் சுண்ணாம்புப் பற்றைக் குழைத்துப் பூசி, துணியால் இறுகக் கட்டினேன். ‘நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம்’ என்று நாள்களைக் கடத்தினேன். பன்னிரண்டாம் நாள் அது எழவே இல்லை. கணுக்கால் வீங்கிக் கொதித்தது. கால்நடை மருத்துவர் வந்து பார்த்து, நோய் மூட்டுக்குள் இறங்கிவிட்டது என்றார். அவர் தம்மால் இயன்றதைச் செய்தார். நான்காம் நாள் விடியலில் அது இறந்தது.

அவர் முதல் நாள் வந்தபோதே பெட்டை வாத்தையும் தூக்கி, அதன் இரு உள்ளங்கால்களையும் எனக்குக் காட்டியிருந்தார். செதில் தேய்ந்து, சிவந்து, பளபளவென்று இரண்டு வட்டங்கள் இருந்தன. “அம்மா, இதுக்கு மருந்தைவிட முதல்ல தரையை மாத்துங்க” என்றார். எனக்குக் கிடைத்த பாடம் அந்த ஒரு வாக்கியமே. புண் காலில் தோன்றினாலும் அதன் வேர் நாம் அமைத்துக் கொடுத்த தரையில் இருக்கிறது.

நோயின் இயல்பு

இந்நோயை ஆங்கிலத்தில் ‘பம்பிள்ஃபுட்’ என்பர். நாம் காலடிப் புண் என்று சொல்லலாம். வாத்து, கோழி, புறா, கூண்டுப் பருந்து எனப் பல பறவைகளுக்கும் இது வரும். வாத்து நீரில் மிதக்கப் பிறந்த பறவை. அதன் உள்ளங்கால் தோல் மென்மையானது. நீரில் நீந்தும்பொழுது காலுக்குச் சுமை இல்லை. நாள் முழுதும் கடினத் தரையில் நிற்க நேர்ந்தால் உடற்சுமை முழுவதும் ஒரே இடத்தில் அழுந்துகிறது. அவ்விடத்தில் குருதியோட்டம் குறைந்து தோல் தேய்கிறது. அதில் ஒரு சிறு கீறல் விழுந்தால் போதும், கிருமி உட்புகும். பெரும்பாலும் அது ‘ஸ்டெஃபைலோகாக்கஸ் ஆரியஸ்’ என்னும் நுண்ணுயிராக இருக்கும். இது மனிதத் தோலிலும் வாழ்வதே.

இங்கு ஒரு முக்கியச் செய்தி உண்டு. நம் உடலில் சீழ் நீராக ஓடும்; கட்டி உடைந்து வடிந்தால் வலி தணியும். பறவையின் சீழ் அப்படி ஓடாது. அது பாலாடைக்கட்டி போல இறுகி உள்ளேயே தங்கும். ஆகவே பறவையின் காலைப் பிதுக்குவதால் பயனில்லை. பிதுக்கினால் கிருமி தசைநாண்களுக்கும் எலும்புக்கும் பரவுவதற்கே வழி செய்தவராவோம்.

ஐந்து அதிசாரங்களும் வாத்தின் காலும்

உமாசுவாமி அருளிய தத்துவார்த்த சூத்திரத்தின் ஏழாம் அத்தியாயத்தில் அகிம்சை அணுவிரதத்திற்குரிய அதிசாரங்கள் ஐந்து கூறப்பெற்றுள்ளன. அவை கட்டுதல், அடித்தல், உறுப்பை அறுத்தல், மிகுபாரம் ஏற்றுதல், உணவும் நீரும் தடுத்தல் என்பன. இளமையில் மனப்பாடம் செய்தபோது இவற்றை வண்டிக்காரர்க்கும் உழவர்க்கும் உரியவை என்றே எண்ணியிருந்தேன். ஆண் வாத்து இறந்தபின் ஒவ்வொன்றாக எண்ணிப் பார்த்தேன்.

கட்டுதல்: நான் கயிற்றால் கட்டவில்லை. ஆயினும் நீரும் புல்லும் இல்லாத சிமெண்ட் முற்றத்தில் அடைத்தது ஒருவகைக் கட்டே.

அடித்தல்: கூட்டில் அடைப்பதற்குக் கோலால் விரட்டினால், வாத்து உயரத்திலிருந்து குதித்துக் காலில் அடிபடும். காலடிப் புண்ணின் தொடக்கங்களுள் இதுவும் ஒன்று.

உறுப்பை அறுத்தல்: வீட்டில் பிளேடு கொண்டு புண்ணைக் கீறுவோர் உளர். மயக்க மருந்தும் பயிற்சியும் இன்றிச் செய்யும் இச்செயல் அவ்வுயிர்க்குக் கொடுந்துன்பம்.

மிகுபாரம் ஏற்றுதல்: நொறுக்குத் தீனியும் சோறும் அளவின்றிக் கொடுத்துக் கொழுக்க வைத்தால், அந்தச் சுமையை அதன் இரண்டு கால்களே தாங்க வேண்டும். பாரத்தை முதுகில் ஏற்றினால் என்ன, வயிற்றில் ஏற்றினால் என்ன?

உணவும் நீரும் தடுத்தல்: வயிறு நிறையக் கொடுத்தும் சத்தைத் தடுக்க முடியும். குருணையை மட்டும் உண்ணும் வாத்துக்கு வைட்டமின் ஏ குறையும். தோல் வறண்டு வெடிக்கும். நியாசின் என்னும் சத்து கோழிக்குஞ்சைவிட வாத்துக்குஞ்சுக்கு மிகுதியாக வேண்டும். அது குறைந்தால் கால் வளைந்து வலுவிழக்கும். நீரும் தலை முழுதும் அமிழும் ஆழத்தில் இருக்க வேண்டும். இல்லையேல் வாத்து தன் கண்ணையும் மூக்கையும் கழுவிக்கொள்ள இயலாது.

நிலை அறிதல்

சிகிச்சைக்கு முன் நோய் எந்த நிலையில் உள்ளது என்று அறிய வேண்டும்.

முதல் நிலை: உள்ளங்கால் சிவந்திருக்கும்; செதில்கள் தேய்ந்து வழவழப்பாக இருக்கும். புண் இல்லை. நடை மாறாது.

இரண்டாம் நிலை: சிறு கருப்புப் பொருக்கு காணப்படும். சுற்றிலும் சிறிது தடிப்பு இருக்கும். நடையில் சிறு தயக்கம்.

மூன்றாம் நிலை: வீக்கம், சூடு, தொட்டால் காலை இழுத்துக்கொள்ளுதல், நொண்டுதல்.

நான்காம் நிலை: வீக்கம் விரல்களுக்கும் கணுக்காலுக்கும் ஏறும். வாத்து உட்கார்ந்தே இருக்கும், உணவில் நாட்டம் குறையும், உடல் மெலியும்.

முதல் இரண்டு நிலைகளையே வீட்டில் கவனிக்கலாம். மூன்றாம் நிலை தொடங்கினால் அன்றைக்கே மருத்துவரிடம் செல்ல வேண்டும். என் ஆண் வாத்தின் காலில் நான் கண்ட மிளகளவுப் பொருக்கு இரண்டாம் நிலை. அதாவது காப்பாற்றக்கூடிய நிலை.

வீட்டில் செய்யத்தக்கவை

1. தரையை மாற்றுக. சிமெண்ட் தரையின்மேல் நான்கு அங்குல உயரத்திற்கு உலர்ந்த வைக்கோல், உமி அல்லது மரத்தூள் பரப்ப வேண்டும். நனைந்த பகுதியை அன்றன்றே நீக்குக. பழைய வைக்கோலை எடுக்கும்பொழுது அதில் ஒதுங்கிய சிற்றுயிர்கள் விலகிச் செல்லுமாறு நிழலில் மெல்ல உதறுக. முனிவர் பெருமக்கள் மயிற்பீலியால் இடத்தைத் துடைத்தபின் அமர்வதை இங்கு நினைவில் கொள்க. தண்ணீர்த் தொட்டியைச் சுற்றிச் சேறாகாதபடி இடைவெளி விட்ட மரச்சட்டத்தின்மேல் வைக்கலாம். முள், தகரத்துண்டு, கண்ணாடி, வெட்டிய செடிகளின் கூர்ந்த அடித்தூர் ஆகியவற்றை அகற்றுக.

2. பிடிக்கும் முறை. வாத்தைக் காலைப் பற்றியோ இறக்கையைப் பற்றியோ தூக்கலாகாது. இரு இறக்கைகளையும் உடலோடு சேர்த்து அணைத்து, மற்றொரு கையால் அடிவயிற்றைத் தாங்கி எடுக்க வேண்டும். ஒரு துண்டால் சுற்றினால் அமைதியுறும். மார்பை அழுத்துதல் கூடாது. பறவைக்கு நம்மைப் போல உதரவிதானம் இல்லை. மார்புக்கூடு அசைந்தால்தான் மூச்சு ஓடும்.

3. ஊறவைத்தல். கையுறை அணிந்துகொள்க. வடிகட்டிய நீரை வெதுவெதுப்பாக்கி, முழங்கையின் உட்புறத்தில் விட்டுச் சூடு பார்க்க வேண்டும். லிட்டருக்கு இரண்டு மேசைக்கரண்டி எப்சம் உப்பைக் கரைத்து, பாதம் மட்டும் நனையுமாறு பத்து முதல் பதினைந்து நிமிடங்கள் நிறுத்துக. எப்சம் உப்பு பேதி உப்பாகையால் அந்நீரை வாத்து குடிக்காதபடி பார்த்துக்கொள்ள வேண்டும். ஏலத்தோட்டங்களில் பூச்சிமருந்து மிகுதியாகத் தெளிப்பர். ஆகவே தோட்டத்திலிருந்து வழிந்து வரும் ஓடைநீரை இதற்குப் பயன்படுத்தலாகாது.

4. தூய்மை செய்தல். மென்துணியால் ஈரத்தை ஒற்றி எடுத்து, போவிடோன் அயோடின் கரைசலை வெளிறிய தேநீர் நிறம் வருமளவு நீரில் கலந்து புண்ணைக் கழுவுக. பொருக்கைப் பெயர்க்க வேண்டாம். ஊறித் தானே கழன்றால் கழலட்டும்.

5. கட்டுதல். போவிடோன் அயோடின் களிம்பை மெல்லத் தடவி, காஸ் துணி வைக்க வேண்டும். அதன்மேல் சிறு சும்மாடு ஒன்று செய்துகொள்க. தலைச்சுமை எடுக்கும் பெண்கள் துணியைச் சுருட்டி வளையமாக வைப்பார்களே, அதே வடிவம்தான். அளவு மட்டும் வாத்தின் காலுக்கு ஏற்றபடி. புண் வளையத்தின் நடுவே அமைந்தால் உடற்சுமை புண்ணின்மேல் அழுந்தாது. வாத்தின் விரல்களுக்கிடையே சவ்வு இருப்பதால், கோழிக்குப் போல விரலிடையில் கட்டைக் கோத்து எடுக்க இயலாது. பாதத்தைச் சுற்றிப் பின்விரலுக்கு மேலாகக் கணைக்காலில் ஒரு சுற்றுச் சுற்றி முடிக்க வேண்டும். கட்டு தளர்வாகவும் நழுவாமலும் இருத்தல் வேண்டும். ஒருமணி நேரம் கழித்து விரல்களைத் தொட்டுப் பார்க்க வேண்டும். குளிர்ந்திருந்தாலோ வீங்கியிருந்தாலோ உடனே அவிழ்த்துத் தளர்த்துக.

6. மாற்றுதல். முதல் ஐந்து நாள் நாள்தோறும், பின் ஒருநாள் விட்டு ஒருநாள் கட்டை மாற்ற வேண்டும். மாற்றுவதற்கு முன் தூய நீரில் சிறிது நேரம் நீந்த விடலாம். பிறகு காலை நன்கு உலர்த்திப் புதுக் கட்டுப் போடுக. நனைந்த கட்டு ஒருபொழுதும் காலில் இருத்தல் ஆகாது. பகல் வெளிச்சத்தில் இப்பணியை முடித்துக்கொண்டால் புண்ணும் தெளிவாகத் தெரியும். விளக்கில் விழும் பூச்சிகளும் தப்பும்.

7. உணவு. தானியத்துடன் முருங்கைக்கீரை, பரங்கி, ஊறவைத்த பச்சைப்பட்டாணி சேர்க்கலாம். மலைச்சரிவின் ஈரக்காற்றில் தீவனம் விரைவில் பூஞ்சை பிடிக்கும். பூஞ்சை பிடித்த மக்காச்சோளமும் கடலைப்பிண்ணாக்கும் வாத்துக்கு நஞ்சு. 1960இல் இங்கிலாந்தில் பூஞ்சை கண்ட நிலக்கடலைத் தீவனத்தால் வான்கோழிகள் பெருந்தொகையாக மடிந்த பின்னரே அஃப்லாடாக்சின் என்னும் அந்நஞ்சு கண்டறியப்பட்டது. வாத்துக்குஞ்சு அதனால் மிக எளிதில் பாதிக்கப்படும்.

8. கைகழுவுதல். பணி முடிந்ததும் சோப்பினால் கைகளை நன்கு கழுவ வேண்டும். பறவையின் கிருமி நமக்கும், நம் கையின் கிருமி பறவைக்கும் செல்லக்கூடும்.

மூன்று நான்கு நாள்களில் வீக்கம் குறையத் தொடங்க வேண்டும். குறையவில்லையெனில் வீட்டு வைத்தியத்தை நிறுத்தி மருத்துவரை நாடுக.

செய்யத்தகாதவை

சுண்ணாம்பு பூசலாகாது; அது தோலைப் பொசுக்கும். நான் பூசியது அதுவே. பிளேடு, ஊசி, கொதிநீர் ஆகியவையும் கூடா. உணர்ச்சியை மரக்கச் செய்யும் களிம்புகள் பறவைக்குக் கேடு விளைவிக்கலாம். ஆகவே களிம்பு வாங்கும்பொழுது அதில் அடங்கிய மருந்தைக் கேட்டறிக. தேன் தடவுமாறு சிலர் கூறுவர். தேன் நமக்கு விலக்கு. தேனின்றியே இச்சிகிச்சை நிறைவுறும்.

வீட்டிலுள்ள வலி மாத்திரையை உடைத்துக் கொடுப்பது பெருந்தவறு. நம் நாட்டில் வானை நிறைத்திருந்த பிணந்தின்னிக் கழுகுகள் எப்படி மறைந்தன என்பதை அறிந்தால் இது விளங்கும். மாடுகளுக்கு வலி நீக்கக் கொடுத்த டைக்ளோஃபெனாக் என்னும் மருந்து இறந்த மாட்டின் உடலில் தங்கி, அதை உண்ட கழுகுகளின் சிறுநீரகத்தைக் கெடுத்தது. 2004இல் வெளியான ஆய்வு இக்காரணத்தை உறுதி செய்தது. 2006இல் இந்திய அரசு கால்நடைகளுக்கு அம்மருந்தைத் தடை செய்தது. மாட்டுக்கு நன்மை செய்ய எண்ணிக் கொடுத்த மருந்தே ஒரு பறவையினத்தை அழிவின் விளிம்பில் நிறுத்திவிட்டது. நல்லெண்ணம் மட்டும் போதாது, அறிவும் உடன் வேண்டும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டா. வலி நீக்கவும் கிருமியை அடக்கவும் பறவைக்கு ஏற்ற மருந்துகள் உள்ளன. அவற்றின் அளவை எடை பார்த்து மருத்துவரே வகுக்க வேண்டும்.

மருத்துவரை நாடுதல்

ஊர்தோறும் உள்ள அரசு கால்நடை மருந்தகங்களில் வாத்தையும் கொண்டுசென்று காட்டலாம். ‘வாத்துக்குப் போய் மருத்துவரா’ என்று கூச வேண்டாம். தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தின் கீழ் 2020இல் தேனியில் கால்நடை மருத்துவக் கல்லூரி ஒன்றும் தொடங்கப்பெற்றுள்ளது.

ஓர் எச்சரிக்கை. ஒரு வாத்து நொண்டுவது காலடிப் புண்ணாக இருக்கலாம். ஆனால் பல பறவைகள் திடீரென்று சோர்ந்து அடுத்தடுத்து இறந்தால் அது வேறு. மலைக்கு அப்பால் ஆலப்புழைப் பகுதியில் 2014இலும் அதன் பின்னரும் பறவைக் காய்ச்சல் வாத்துகளைத் தாக்கியது. அத்தகைய வேளையில் இறந்த பறவைகளைத் தொடாமல், பிள்ளைகளை விலக்கி வைத்து, கால்நடைத் துறையினர்க்கு உடனே தெரிவிக்க வேண்டும்.

நம்மவர் கேட்கும் ஐயங்கள்

‘மருத்துவர் கத்தியால் அறுத்து இறுகிய சீழை எடுப்பது ஹிம்சை ஆகாதா?’ என்று என் தங்கை கேட்டாள். தத்துவார்த்த சூத்திரம் ஹிம்சைக்கு இலக்கணம் கூறுமிடத்து, பிரமாதத்தின் வயப்பட்டு உயிர்க்கு ஊறு செய்தல் என்கிறது. இன்று பேச்சுவழக்கில் ‘பிரமாதம்’ என்றால் மிகச் சிறப்பு என்று பொருள். சாத்திரத்தில் அதற்குக் கவனமின்மை என்பது பொருள். விழிப்போடும் இரக்கத்தோடும் மயக்க மருந்து கொடுத்து மருத்துவர் அறுப்பதில் அந்தப் பிரமாதம் இல்லை. ‘நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம்’ என்று நான் பன்னிரண்டு நாள் கடத்தினேனே, அதில் இருந்தது. என் கையில் கத்தி இல்லை. ஆயினும் ஊறு என்னால் நேர்ந்தது.

‘வாத்து நத்தையையும் புழுவையும் உண்ணுமே, அதை நாம் வளர்க்கலாமா?’ என்பது இரண்டாவது ஐயம். விலை கொடுத்து வாங்கி வளர்க்குமாறு நான் யாரையும் தூண்டவில்லை. பொழுதுபோக்கிற்காகப் பறவையை அடைத்து வைப்பது நம் நெறிக்கு ஒவ்வாது. ஆனால் கைவிடப்பட்ட உயிர், போக்கிடமற்ற உயிர் நம் வாயிலுக்கு வருமாயின், அதைத் திருப்பி அனுப்புவது எங்கே என்பதையும் எண்ண வேண்டும். தன் இயல்பால் அது தேடி உண்பது அதன் வினை. நம் கையால் கொடுப்பது தானியமும் கீரையுமாக இருக்கட்டும்.

தில்லியில் செங்கோட்டைக்கு எதிரே, சாந்தினி சௌக்கில் உள்ள திகம்பர ஜைன லால் மந்திரின் வளாகத்தில் பறவைகளுக்கென்றே ஒரு தரும மருத்துவமனை பல பத்தாண்டுகளாக நடைபெற்று வருகிறது. அங்கே அடிபட்ட புறாக்களும் கிளிகளும் கட்டணமின்றிப் பேணப்பெறுகின்றன. நம் ஊர்களில் அத்தகைய மருத்துவமனை இல்லாவிட்டால் என்ன? ஒரு வைக்கோல் படுக்கையும் ஒரு கிண்ணம் வெந்நீரும் எந்த வீட்டிலும் அமையும்.

முடிவாக

பெட்டை வாத்தின் இரு கால்களும் மூன்று வாரங்களில் தேறின. அதற்கு நான் செய்த மருத்துவம் மிகக் குறைவு. முற்றத்தில் பாதியைப் பெயர்த்து மண்ணாக்கினேன். மீதியில் வைக்கோல் பரப்பினேன். பழைய சிமெண்ட் தொட்டி ஒன்றை மண்ணில் பதித்து நீர் நிரப்பினேன். அது நீந்தும்பொழுது கால்கள் இரண்டும் பின்னால் மிதந்து ஓய்வெடுப்பதைக் காண்பேன். மறு ஆண்டு அச்சிறுவன் விடுமுறைக்கு வந்தான். “இன்னொண்ணு எங்க டீச்சர்?” என்றான். நடந்ததை மறைக்காமல் சொன்னேன். பள்ளியில் எத்தனையோ பிள்ளைகள் தவற்றை ஒப்புக்கொள்ளுமாறு நான் கேட்டிருக்கிறேன். அது எவ்வளவு கடினம் என்பதை அன்று அறிந்தேன். அவன் சற்று நேரம் பேசவில்லை. பிறகு தொட்டியருகே அமர்ந்து, பெட்டையின் காலைத் தூக்கித் தானே பார்த்தான்.

அன்று முதல் நான் ஒரு வழக்கம் கொண்டுள்ளேன். அட்டமி, சதுர்த்தசி நாள்களில் காலையில் வாத்தைத் தூக்கி இரு உள்ளங்கால்களையும் பார்க்கிறேன். திங்களுக்கு நான்கு முறை வந்துவிடுகிறது. விரத நாள் மறவாதவர்க்கு வாத்தின் காலும் மறவாது. பறவையோ, ஆடோ, மாடோ, எவ்வுயிர் உங்கள் பொறுப்பில் இருப்பினும் இவ்வழக்கத்தை மேற்கொள்ளலாம்.

பிள்ளைகளோடு சேர்ந்து விடை காண்க

1. பறவையின் புண்ணை ஏன் பிதுக்கலாகாது?

2. காலடிப் புண்ணின் எந்த நிலையில் மருத்துவரை நாட வேண்டும்? அதன் அடையாளங்கள் யாவை?

3. மிகுபாரம் ஏற்றுதல் என்னும் அதிசாரம் வாத்து வளர்ப்பில் எவ்வாறு நேரும்?

4. உங்கள் வீட்டிலோ தெருவிலோ உள்ள ஒரு விலங்கு அல்லது பறவை நிற்கும் தரையை இன்று சென்று பாருங்கள். அது எத்தன்மையது? அதை நலமாக்க நீங்கள் செய்யக்கூடியது யாது?